எங்க கடவில் முதலை: பிடித்துக்கொண்டு போகச் சொல்வதா, வேறு வழி பார்ப்பதா?

#1 வெட்டுக்காரர் மகன் (கடையாலுமூடு) · ஞாயிறு இரவு 8.10

எங்க வீடு குமரி மாவட்டத்தில் கடையாலுமூட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. விடியக்காலம் 4 மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். வெட்டி முடித்து, பால் எடுத்து, அளந்து கொடுத்துவிட்டு 10 மணி வாக்கில் நேரே கடவுக்கு, அதாவது ஆற்றுப் படித்துறைக்கு வருவார். விரலில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துப் போட்டு, குளித்து, அப்புறம்தான் வீடு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

போன வியாழக்கிழமை குளிக்காமல் வந்து நின்றார். "அக்கரைப் பாறையில முதல கெடக்குடே" என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் நானே போய் மேட்டில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கசத்தின், ஆழமான மடுவின் நடுவில் ஒரு கட்டை தெரிந்தது. கட்டை என்றால் ஒழுக்கோடு போகவேண்டும். இது ஒழுக்கை எதிர்த்து அசையாமல் நின்றது. முன்னால் ஒரு சின்ன முண்டு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விட்டுப் பின்னால் இரண்டு முண்டு. நான் எழுந்து நின்றதும் மூன்றும் ஒன்றாகக் கீழே போயின. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்போது அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் துணி துவைக்கப் போவதில்லை. ஊரில் பாதிப் பேர் வனத்துறையைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லவேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், இத்தனை நாள் ஒன்றும் செய்யாததை ஏன் கிளப்பவேண்டும் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை வார்டு உறுப்பினரிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

#2 ஆரல் காற்று · ஞாயிறு இரவு 8.31

தம்பி, உடும்பாக இருக்கும். நம்ம ஆற்றிலும் குளத்திலும் பெரிய உடும்பு நிறைய உண்டு. நீந்தும்போது தலையைப் பார்த்துவிட்டு முதலை என்று ஓடி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நீர்நாயைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

#3 தேரூர் பறவைநோக்கி · ஞாயிறு இரவு 9.02

ஆரல் அண்ணன் சொல்வது நியாயமான சந்தேகம்தான், நானும் முதலில் உடும்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் தம்பி சொன்ன மூன்று முண்டு உடும்புக்குப் பொருந்தவில்லை. உடும்பு நீந்தினால் தலையும் கழுத்தும் சேர்ந்து பாம்பு மாதிரி தெரியும், உடம்பு நெளிவது மேலே இருந்தே தெரியும், நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். ஒரே இடத்தில் மூக்கையும் கண்ணையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நிற்கிற வேலை முதலையுடையது.

கரையில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உடும்புத் தடத்தில் நகக் குழிகளும் நடுவில் மெல்லிய வால்கோடும் இருக்கும். முதலை தண்ணீருக்கு இறங்கிய இடத்தில் மண் அகலமாக, வழவழப்பாக, சாக்கு மூட்டையை இழுத்த மாதிரி இருக்கும். பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள்.

#4 வெட்டுக்காரர் மகன் · திங்கள் காலை 11.45

சாக்கு மூட்டை இழுத்த மாதிரியேதான் இருக்கிறது. அக்கரையில், பாறைக்குக் கீழே, இரண்டு இடத்தில். நானும் மாமாவும் இக்கரையில் நின்றே பார்த்தோம். அகலம் ஒரு ரப்பர் ஷீட் அளவு இருக்கும்.

#5 தேரூர் பறவைநோக்கி · திங்கள் மதியம் 1.20

அப்படியானால் முதலைதான். நன்னீர் முதலை, வடக்கே மகர் என்று சொல்லும் வகை. ஆறு, அணை, குளம், சதுப்பு எல்லாவற்றிலும் இருக்கும். முழு வளர்ச்சியில் ஆண் 3, 4 மீட்டர் வரும், அபூர்வமாக அதற்கும் மேல். மொத்த நீளம் தலையின் நீளத்தைப் போல ஏறக்குறைய 7 மடங்கு என்பது களத்தில் வைத்துக்கொள்கிற கணக்கு. மூக்கு முண்டிலிருந்து கண் வரை ஒரு முழத்துக்குக் குறைவு என்றீர்கள். பயத்தில் பார்க்கும்போது எல்லாம் பெரிதாகத் தெரியும், அதனால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். 2, 2.5 மீட்டர் இருக்கலாம்.

அது அங்கே கிடப்பதற்கான காரணம் எளிது. குளிர்ந்த ரத்த உயிர், உடம்பைச் சூடாக்க வெயில் வேண்டும், அதற்குப் பாறை வேண்டும், பயந்தால் இறங்கக் கசம் வேண்டும். உங்கள் கடவில் மூன்றும் இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் பெரும்பாலும் அப்படிக் கிடக்கும்.

#6 வெள்ளறடை எல்லைக்காரன் · திங்கள் மாலை 5.15

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். எங்களுக்கு இது பழைய கதை. நெய்யாறு அணை 1958இல் வந்தது. 1977இல் அங்கே முதலைக் காப்பகம் தொடங்கினார்கள். முதலைகளை நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். அப்புறம்தான் கரையில் குளிக்கப்போனவர்களுக்குக் கடி விழத் தொடங்கியது. எங்க அம்மா வீட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் பெண்கள் ஆற்றுக்குத் தனியாக இறங்கவே மாட்டார்கள், ஒருத்தி துவைத்தால் ஒருத்தி கரையில் கம்போடு நிற்பாள். நான் சின்னப் பையன், எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது. கம்பு பிடித்து நின்ற பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

விடுகிறவர்கள் கரையில் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அதுதான் எனக்குச் சொல்ல இருப்பது.

#7 வெட்டுக்காரர் மகன் · திங்கள் மாலை 5.40

அண்ணே, அப்படியானால் நெய்யாற்றிலிருந்து கால்வாய் வழியாக எங்க பக்கம் வந்திருக்குமா?

#8 விளவங்கோடு வயல் · திங்கள் இரவு 7.05

எந்தக் கால்வாய் தம்பி? நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் எங்களுக்குத் தண்ணீர் வந்தே 2004 முதல் நின்றுபோயிற்று. விளவங்கோடு தாலுகாவில் நெல் விளைந்த வயல் எல்லாம் இன்றைக்கு வாழையும் ரப்பருமாகக் கிடக்கிறது. கால்வாயில் காடு முளைத்திருக்கிறது. முதலை வருவதற்கு அதில் தண்ணீர் வேண்டாமா.

#9 தேரூர் பறவைநோக்கி · திங்கள் இரவு 7.48

வயல் அண்ணன் வருத்தம் உண்மையான வருத்தம். தம்பிக்கு ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வகை முதலைக்குக் கால்வாய் கட்டாயம் இல்லை. தண்ணீர் வற்றினால் இரவில் தரை வழியாகவே கிலோமீட்டர் கணக்கில் நடக்கும். மழை வெள்ளத்தில் ஓடைக்கு ஓடை மாறும். கரையில் வளை தோண்டிக்கொண்டு கோடையைக் கழிக்கவும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று சென்னையில் பெருங்களத்தூர் பக்கம் நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து போன காட்சியை எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்து ஏரிகளில் அவை ஏற்கனவே இருந்தவை. மழை அதை மனிதர்களின் கண்ணில் காட்டியது, அவ்வளவுதான். உங்கள் கடவு முதலை எங்கிருந்து வந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

#10 வள்ளக்காரன் (தேங்காய்ப்பட்டணம்) · திங்கள் இரவு 9.30

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஆறு எங்க பொழிமுகத்தில்தான் கடலில் சேர்கிறது. அது கீழே இறங்கி இங்கே வருமா? கடல் முதலை என்று ஒன்று உண்டே, அது நம்ம கரைக்கு வருமா? இரண்டு, எங்க பக்கம் சிலர் இதைச் சீங்கண்ணி என்கிறார்கள், சீங்கண்ணி வேறு முதலை வேறு என்று சண்டை. எது சரி?

#11 தேரூர் பறவைநோக்கி · திங்கள் இரவு 10.15

நல்ல கேள்வி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சீங்கண்ணி மலையாளத்திலிருந்து நம்ம மேற்குத் தாலுகாக்களுக்கு வந்து புழங்குகிற சொல். ஆற்று முதலைக்கும் சொல்வார்கள், அமெரிக்க அலிகேட்டருக்கும் அதே சொல்லைப் போடுவார்கள். குழப்பம் அங்கேதான். உண்மையான அலிகேட்டர் உலகத்தில் இரண்டே இனம். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கில், இன்னொன்று சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம், அது மிகச் சிறியது, மிகவும் அருகிப்போனது. இந்தியக் காட்டில் அலிகேட்டர் கிடையாது, இங்கே பார்க்கவேண்டுமென்றால் காப்பகத்தில்தான். அலிகேட்டர் மூஞ்சி அகன்று ப வடிவத்தில் இருக்கும், வாயை மூடினால் கீழ்ப்பல் உள்ளே மறைந்துவிடும். முதலைக்கு வாய் மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரியும். நம்ம ஆற்று முதலைக்கும் மூஞ்சி அகலம்தான். அதனால் மூஞ்சியை வைத்து முடிவு கட்டாமல் பல்லைப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டில் மூன்று இனம்: இந்த நன்னீர் முதலை, உவர்நீர் முதலை, பிறகு வடக்கே சம்பல் ஆற்றில் இருக்கிற, நீண்டு மெலிந்த மூக்கு உள்ள கரியல். நம் பழம்பாட்டிலேயே முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர் ஒரே அடியில் வருகிறது. எது எந்த இனம் என்பதில் போகவேண்டாம். ஆனால் பார்த்தவன் வேறுபாடு தெரிந்து பார்த்திருக்கிறான் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அண்ணன் கேட்ட கடல் முதலை உவர்நீர் முதலை. நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பி இருப்பதால் கடலில் நாள்கணக்கில் தாங்கும். ஒரு காலத்தில் கேரளக் காயல்களில் இருந்தது, அழிந்துவிட்டது. இப்போது ஒடிசாவின் பிதர்கனிகா, சுந்தரவனம், அந்தமான் ஆகிய இடங்களில்தான். உங்கள் பொழியில் நீங்கள் பயப்படவேண்டியது அலையையும் மணல் திட்டையும்தான். ஆற்று முதலை கீழே வரலாம். ஆனால் உப்புத் தண்ணீர் அதற்கு இஷ்டமான இடம் இல்லை.

#12 குழித்துறைத் தாத்தா · செவ்வாய் காலை 6.20

எல்லோரும் படித்தவர்கள், அழகாக எழுதுகிறீர்கள். எனக்கு 71 வயது. வாவுபலிக்கு, ஆடி அமாவாசைக்கு, குழித்துறை ஆற்றில் எங்கள் அப்பாவுக்குத் திதி கொடுத்து முங்கி எழுந்தவன். என் பேரப்பிள்ளைகளை அதே தண்ணீரில் நீந்தப் பழக்கியவன். முதலைக்குச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறது. வெட்டுக்காரர் வீட்டு அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? நாகர்கோவிலில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவர்கள் "அதுவும் ஒரு உயிர்" என்று சொல்வது சுலபம். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரி கடவுக்குத்தான் போயாகவேண்டும். ஒரு பிள்ளையின் கால் போனால் அந்தக் காலை எந்த முதலைப் பாதுகாப்புத் திட்டம் திருப்பித் தரும்?

மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா. பிடித்துக்கொண்டு போகட்டும். காப்பகத்தில் வைத்துச் சோறு போடட்டும். நமக்கும் நல்லது, அதற்கும் நல்லது.

#13 கணக்கு டீச்சர் (நாகர்கோவில்) · செவ்வாய் காலை 8.05

தாத்தா, நீங்கள் சொன்ன குழாய்த் தண்ணீர் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது முழுக்க சரி. ஆனால் "காப்பகத்தில் அதற்கும் நல்லது" என்ற கடைசி வரிக்கு மட்டும் நான் பார்த்ததைச் சொல்ல அனுமதியுங்கள்.

சில வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர் என்று வேண்டாம். சிமெண்டுத் தொட்டி, பச்சைத் தண்ணீர், ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு முதலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அசையவில்லை. பிள்ளைகள் "மிஸ், இது பொம்மையா" என்று கேட்டார்கள். பக்கத்தில் குடும்பத்தோடு வந்த ஒருவர், பொம்மையா இல்லையா என்று காட்டுகிறேன் என்று ஒரு ஜல்லியை எடுத்து எறிந்தார். ஒன்றின் கண்ணுக்கு மேலே பட்டது. அது இமையை மூடித் திறந்தது. அவ்வளவுதான். அவர் இன்னொன்று எடுத்தார். என் வகுப்புப் பையன் ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "மாமா வேண்டாம்" என்று அழுதுவிட்டான். தொட்டியின் அடியில் கல்லும் தண்ணீர் பாட்டிலும் ஒரு செருப்பும் கிடந்தது தெரிந்தது. அங்கே இருந்த ஊழியரிடம் சொன்னேன். "டெய்லி இதுதான் மேடம், நான் ஒருத்தன் எத்தனை தொட்டியைப் பார்ப்பேன்" என்றார். அவர் முகத்தில் இருந்த அலுப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எல்லா இடமும் அப்படி இல்லை. வடநெம்மேலியில் மாமல்லபுரம் போகிற வழியில் சென்னை முதலைப் பண்ணை இருக்கிறதே, ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் தொடங்கியது. நாட்டில் முதலை அழிந்துவிடுமோ என்று இருந்த காலத்தில் முட்டை பொரிக்க வைத்து, குஞ்சு வளர்த்து, இனத்தை மீட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே இடத்தில்தான் ஆற்று முதலைகள் கொக்கு கூடு கட்டும் காலத்தில் மூக்கின்மேல் சுள்ளியை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்து, சுள்ளி பொறுக்க வரும் கொக்கைப் பிடிப்பதைப் பார்த்து 2013இல் ஆய்வாக எழுதினார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

ஆனால் வெற்றியே அங்கே சுமையாகிவிட்டது. வளர்த்ததைக் கொண்டுபோய் விட ஆறு இல்லை. இருந்த இடம் நிறைந்தது. கடைசியில் 1000 முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் விலங்குக் காப்பகத்துக்கு அனுப்ப அனுமதி வாங்கினார்கள். அதை எதிர்த்த வழக்கை 2022இல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உலகத்துக்கே முதலை வளர்ப்பு கற்றுக்கொடுத்த இடத்திலேயே இடம் இல்லை என்றால், நம்ம கடவு முதலைக்கு எந்தத் தொட்டி காத்துக்கொண்டிருக்கிறது? அமராவதியிலும் சாத்தனூரிலும் இருக்கிற பண்ணைகளில் இருப்பதையே வைத்துக்கொள்ளத்தான் இடம்.

#14 கொள்ளிடத்து மருமகள் (தக்கலை) · செவ்வாய் மதியம் 2.30

நான் சிதம்பரம் பக்கம் பிறந்து இங்கே கல்யாணம் ஆகி வந்தவள். எங்க ஊரில் பழைய கொள்ளிடம் முழுக்க முதலை. எங்க சித்தப்பா வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்று போயிருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் மனிதர்களும் போயிருக்கிறார்கள். அதனால் தாத்தா சொல்கிற பயம் எனக்குப் புத்தகத்தில் படித்தது இல்லை.

ஊருக்குள் வருகிற முதலையைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். வழக்கமாக நடப்பது அது. பிடித்த அன்றைக்கு ஊரே நிம்மதியாகத் தூங்கும். மழைக்காலம் வந்தால் இன்னொன்று வாய்க்காலில் தலையைத் தூக்கும். அதேதான் திரும்பி வந்ததா, வேறொன்று காலி இடத்தைப் பிடித்ததா என்று யாருக்கும் தெரியாது. பிடித்தாயிற்று என்ற தைரியத்தில் பிள்ளைகளைத் தனியாக இறங்க விடுகிறோம் பாருங்கள், அதுதான் ஆபத்து. கடிபட்டவர்களில் நிறையப் பேர் தினமும் அதே நேரம், அதே படியில் உட்கார்ந்தவர்கள்தான். மாடு குளிப்பாட்டுகிறவர், பாத்திரம் விளக்குகிறவள், கால் கழுவப் போனவர்.

#15 தேரூர் பறவைநோக்கி · செவ்வாய் மதியம் 3.10

அக்கா சொன்ன "திரும்பி வருவது" நிரூபணமான விஷயம். ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகள் மூன்றைப் பிடித்து, பிடரியில் கருவி பொருத்தி, தூரத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். மூன்றும் வீடு திரும்பின. ஒன்று 400 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகவே சுற்றி 20 நாளில் வந்து சேர்ந்தது. நம்ம முதலை இனம் வேறுதான், ஆனாலும் கடையாலுமூட்டில் பிடித்துப் பேச்சிப்பாறையில் விட்டால் கதை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

#16 வடோதரா நர்ஸ் (ஊர் அருமனை) · செவ்வாய் இரவு 11.40

ட்யூட்டி முடிந்து வந்து முழு இழையும் படித்தேன். நான் இருக்கிற ஊரில் நகரத்தின் நடுவே விசுவாமித்திரி ஆறு ஓடுகிறது. அதில் நூற்றுக்கணக்கில் இதே முதலைதான். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் அடுக்குமாடி, கல்லூரி, கோவில். முதல் வருடம் பாலத்தைக் கடக்கும்போது கைப்பிடிச் சுவரைப் பார்க்கவே மாட்டேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் பெரிய வெள்ளம் வந்தபோது முதலைகள் தெருவுக்கே வந்துவிட்டன. ஒரு வீட்டின் கூரைமேல் ஒன்று கிடந்தது. தண்ணீர் வடிய வடிய வனத்துறையும் தன்னார்வலர்களும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பத்திரமாக வைத்திருந்து ஆற்றில் விட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரி வளாகத்திலும் தண்ணீர் புகுந்தது, நாங்கள் பயந்தது பாம்புக்குத்தான்.

இங்கே ஆற்றங்கரைக் குடிசைவாசிகளுக்கு எந்தப் படியில் இறங்கலாம், எதில் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்காக இங்கே கடியே விழாமல் இல்லை, விழுகிறது. ஆனால் முதலை இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். நம்ம ஊரில் அது தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#17 கீரிப்பாறை கிளி · புதன் காலை 7.15

நாங்க நாலு பேர் வடமும் வலையுமாக வந்தால் பிடித்துவிடலாம். யூடியூபில் பார்த்திருக்கிறேன், ஒருவர் ஒற்றைக் கையால் வாயைப் பிடித்துக்கொண்டு இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார். ஊருக்கு உதவிதானே.

#18 தேரூர் பறவைநோக்கி · புதன் காலை 7.40

தம்பி, மனசு நல்ல மனசு. ஆனால் தயவுசெய்து வேண்டாம். வாயைத் திறக்கிற தசை அதற்கு பலவீனமானது, அதனால்தான் மூடிய வாயை ஒரு கையால் பிடிக்க முடிகிறது. மூடுகிற தசை அப்படி இல்லை, உயிருள்ள விலங்குகளில் அளந்து பார்த்ததிலேயே மிக அதிகமான கடி முதலையுடையது. வீடியோவில் டேப் சுற்றும் அந்த நிமிஷத்துக்கு முன்னால் நடந்ததை வெட்டியிருப்பார்கள். வாலால் அடித்தால் முழங்கால் போகும். அதோடு, 1972 வனவிலங்குச் சட்டத்தில் இது முதல் அட்டவணை விலங்கு. பிடிப்பது, அடிப்பது, கட்டி வைத்துப் படம் எடுப்பது எல்லாம் 3 முதல் 7 வருடம் வரை சிறையில் கொண்டுவிடும்.

#19 ஆரல் காற்று · புதன் காலை 9.00

காசர்கோடு அனந்தபுரம் ஏரிக் கோவிலில் பபியா என்று ஒரு முதலை இருந்ததே. பிரசாதச் சோறு சாப்பிட்டுக்கொண்டு யாரையும் ஒன்றும் செய்யாமல். 2022 அக்டோபரில் அது செத்தபோது கூட்டம் கூட்டமாக வந்து அஞ்சலி செலுத்தினார்கள். பழக்கினால் முதலையும் பழகும் போலிருக்கிறது.

#20 கொள்ளிடத்து மருமகள் · புதன் காலை 9.35

அண்ணே, பபியாவை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் நம்ம ஆற்றுக்குப் போகவேண்டாம். அது ஒரு குளம், ஒரே முதலை, ஒரே பூசாரி. ஆற்றில் கரைக்கு வந்து எதையாவது போடத் தொடங்கினால், மனிதன் வந்தால் தீனி வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவளையும் தேடி வரும். எங்க ஊரில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிற மதகுப் பக்கம்தான் பெரிய பெரிய முதலையாகக் கிடக்கும்.

#21 வெட்டுக்காரர் மகன் · புதன் காலை 10.10

அக்கா, இதைப் படித்ததும் உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. எங்க கடவுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் யாரோ வண்டியில் வந்து சாக்குகளைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். காலையில் கோழிச் சிறகு கடவு வரை மிதந்து வரும். அம்மா சிறகை ஒதுக்கிவிட்டுத்தான் குடத்தை முக்குவாள். ஒரு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. இதை முதலையோடு நாங்கள் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

#22 கோழிக்கடை (மார்த்தாண்டம் பக்கம்) · புதன் மாலை 4.00

நான் கோழிக்கடை வைத்திருக்கிறேன். பேசாமல் போக மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் என் சின்னக் கடையிலேயே நாலைந்து சாக்கு கழிவு விழும். குடல், தலை, கால், சிறகு. வைத்திருந்தால் மாலைக்குள் நாறும், பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போடுவார். வண்டிக்காரர் ஒருவர் வந்து கிலோவுக்கு இவ்வளவு என்று நம்மிடமே காசு வாங்கிக்கொண்டு எடுத்துப்போவார். எங்கே கொண்டுபோகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. போன வருடம் ஒருநாள் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்க காசு குடுத்தாச்சுல்லா" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி வருகிற இறைச்சிக் கழிவு லாரியைப் பிடித்தால் நாம் எல்லோரும் கொந்தளிக்கிறோம், நியாயம்தான். ஆனால் நம்ம கடைச் சாக்கும் நம்ம ஆற்றில்தான் விழுகிறது.

இந்த வாரம் முதல் அந்த வண்டிக்குக் கொடுப்பதில்லை. மச்சான் விளையில் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு மூடுகிறோம், தென்னைக்கு ஆகும். பெரிய கடைக்கு அது முடியாது, அவர்களுக்குப் பஞ்சாயத்து ஒரு வழி செய்து தரவேண்டும். எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்வேன்.

#23 குழித்துறைத் தாத்தா · புதன் மாலை 5.30

கோழிக்கடைத் தம்பி, இதை வெளியே சொல்ல தைரியம் வேண்டும். உங்களுக்கு என் ஆசீர்வாதம்.

முதலை விஷயத்தில் என் பயம் போகவில்லை. அந்த அம்மா தினமும் எங்கே போய்த் துவைப்பாள் என்பதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#24 தேரூர் பறவைநோக்கி · புதன் இரவு 8.20

தாத்தா, நீங்கள் விடாமல் கேட்பது நல்லது. இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் இதே பிரச்சினை. அங்கே குளிக்கிற படித்துறையைச் சுற்றி ஆற்றுக்குள்ளேயே கம்பு அல்லது இரும்புக் கம்பியால் ஒரு அடைப்பு கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே வரும், முதலை வராது. பெண்கள் உள்ளே நின்று குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். பராமரிக்காமல் விட்டால் வெள்ளத்தில் கம்பி பிய்ந்து உள்ளேயே முதலை மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் யார் பார்த்துக்கொள்வது என்று முதலிலேயே பேசவேண்டும். நம்ம கடவுக்கு 15 அடிக்கு 10 அடி போதும். தொழிலாளர் வீட்டுக்குக் குழாய் வருகிறவரை இதையாவது பஞ்சாயத்தில் கேட்கலாம்.

அதுவரை அம்மா தண்ணீருக்குள் குனியவேண்டாம். கயிறு கட்டிய வாளியால் மேட்டிலிருந்து மொண்டு, கரையில் கல் போட்டுத் துவைக்கட்டும். விடியலிலும் இருட்டிலும் இறங்கவே கூடாது. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டாம், நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், மீன் கழுவின தண்ணீரைக் கடவில் ஊற்றவேண்டாம். மாசி, பங்குனியில் பெட்டை முதலை மணலில் குழி தோண்டி 25, 30 முட்டை இடும். குஞ்சு பொரிக்க இரண்டு மாதம் ஆகும், அவ்வளவு நாளும் பக்கத்திலேயே கிடக்கும். குஞ்சு உள்ளிருந்து கத்தினால் தோண்டி எடுத்து வாயில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதும் அதே வாய்தான். அந்த மாதங்களில் அக்கரைப் பாறைப் பக்கம் யாரும் போகவேண்டாம்.

#25 வெட்டுக்காரர் மகன் · வெள்ளி காலை 6.50

நேற்று இரவு வனத்துறை ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மேட்டில் நின்று பெரிய டார்ச்சைக் கசத்தின் குறுக்கே மெல்ல ஓட்டினார்கள். பாதியில் இரண்டு கங்கு எரிந்தது. அடுப்பில் ஊதாமல் விட்ட கங்கு மாதிரி, சிவப்பாக, கொஞ்சமும் அணையாமல். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். வேறு கண் எதுவும் தெரியவில்லை, ஒன்றுதான். இரண்டு மீட்டரைத் தாண்டாது என்றார்கள். ஆளைத் துரத்தியதோ, ஆடு மாட்டைப் பிடித்ததோ உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். அப்படியானால் இப்போது பிடிக்கவேண்டாம், கவனிப்போம், தகராறு செய்தால் உடனே சொல்லுங்கள், கூண்டு கொண்டுவருகிறோம் என்றார்கள். எச்சரிக்கைப் பலகை இரண்டு நட்டிருக்கிறார்கள். வந்த பெரியவர் கடைசியில் பாலத்தின் கீழே டார்ச் அடித்து அந்தச் சாக்குகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வார்டு உறுப்பினர் அடைப்புக்கு மனு எழுதச் சொல்லியிருக்கிறார். டீச்சர் அக்கா, மனு எழுத உதவி செய்வீர்களா? அம்மா வாளிக் கயிறு வாங்கிவிட்டாள். அப்பாதான், முங்கிக் குளிக்காமல் பால் நாற்றம் போகமாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுகிறார்.

நாளை சனிக்கிழமை. நானும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ராத்திரி பாலத்தில் நிற்கப் போகிறோம். சண்டை போட இல்லை. வண்டி நம்பரைக் குறித்துப் பஞ்சாயத்தில் கொடுக்க.

#26 கணக்கு டீச்சர் · வெள்ளி காலை 7.30

மனுவை இன்று மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன். கடவைப் பயன்படுத்துகிற வீடுகள் எத்தனை, பெண்கள் எத்தனை பேர், குழாய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று மூன்று கணக்கை மட்டும் எடுத்து வையுங்கள்.

#27 கோழிக்கடை · வெள்ளி காலை 8.15

தம்பி, அந்த வண்டியை எனக்குப் பார்த்தால் தெரியும். கடையை அடைத்துவிட்டு நானும் வருகிறேன். எத்தனை மணிக்கு?

#28 வெட்டுக்காரர் மகன் · வெள்ளி காலை 8.20

10 மணிக்கு வாங்க அண்ணாச்சி. பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்தோணியார் குருசடி இருக்கும், அங்கே நிற்போம்.